வர்மன் என்றால் கவசம்

கேரள அரச குடும்பத்துப் பெயர்களின் பின்னால் 'வர்மா' என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதை வர்மக்கலையோடு சேர்த்துப் பேசுபவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு. வர்மக்கலையின் 'வர்மம்', உயிர்நிலையைக் குறிக்கும் 'மர்மன்' என்ற வடசொல்லின் திரிபு. அரசர் பெயரில் உள்ள 'வர்மன்', மூடுதல் என்று பொருள்படும் 'வ்ரு' என்ற வேரில் பிறந்தது. கவசம் என்பதே நேர்ப்பொருள். உடம்பைக் கவசம் காப்பதுபோலக் குடிகளைக் காப்பவன் என்று பிறகு கருத்து விரிந்தது. க்ஷத்திரியன் பெயர் காவலைச் சுட்ட வேண்டும் என்று மனுஸ்மிருதியும் சொல்கிறது.

இது நமக்குப் புதுசா என்ன? காவலன், புரவலன் என்று நம்மவர்கள் அரசனை அழைத்ததும் இதே பொருளில்தான். அதனால் இந்த வடசொல் இங்கே எளிதாக ஒட்டிக்கொண்டது. பல்லவரில் மகேந்திரவர்மன். பாண்டியரில் மாறவர்மன், முன்பாதி தமிழ், பின்பாதி வடமொழி. சோழர் கல்வெட்டுகளில் 'இராசகேசரி பன்மர்' என்று வரும். அந்தப் பன்மரும் வர்மரே.

இனி மலையோரத்துக்கு வருவோம். பாலக்காட்டு அரசர்களை ஊரார் அழைத்தது 'அச்சன்' என்று. அரச குலப் பெயரோ சேகரி வர்மா. 1757ல் கோழிக்கோட்டுச் சாமூதிரி படையெடுத்தபோது பாலக்காட்டு அச்சன் திண்டுக்கல்லில் இருந்த ஹைதர் அலியிடம் ஆள் அனுப்பி உதவி கேட்டார். கவசத்துக்கே வேறொரு கவசம் தேவைப்பட்டது. பின்னர் மலபாருக்குள் மைசூர்ப் படை நுழையவும் அதுவே வழி திறந்தது.

தெற்கே இன்றைய இடுக்கி மலைகள், மதுரைப் பாண்டியர் வழி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பூஞ்ஞாறு அரச குடும்பத்தின் கையில் இருந்தன. 1877 ஜூலை 11 அன்று கேரள வர்மா வலிய ராஜா, கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக் கொடுத்தார். ஆண்டு வாடகை 3,000 ரூபாய். பத்திரத்தில் கட்சிக்காரர் இவர்கள் இருவர்தான். மலையில் முதுவர் குடிகள் அப்போதே வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

நம் தமிழ் மாவட்டங்களிலிருந்து கொழுந்து பறிக்கப் போன குடும்பங்கள் ஏறியதும் அந்த மலைதான். 1971ல் கேரள அரசு தனிச் சட்டம் போட்டு நிலத்தை மீட்டது. தேயிலைத் தோட்டப் பகுதி கம்பெனியிடமே தொடர்ந்தது. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற கவலை மட்டும் தொழிலாளியை விடவில்லை. கவசம் என்ற பெயர் பத்திரத்தில் இருந்தது. அதன் காவல் அந்த மலைக்குடிகளுக்கும் தொழிலாளிக்கும் எட்டவில்லை.