பாதியில் நின்ற வெண்பா: காளமேகமும் இரட்டைப் புலவர்களும்

இந்த எபிசோடை ஒரு விடுகதையோட ஆரம்பிக்கலாம். டிக்கெட் குடுப்பார். கூட்டம் சேர்ப்பார். சில்லறைக்குச் சண்டை போடுவார். விசில் அடிச்சாத்தான் வண்டி நகரும். யார் இவர்?

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வளர்ந்தவங்க கண்டக்டர்னு சொல்வீங்க. ஐடில வேலை பார்க்கிறவங்க மேனேஜர்னு சொல்வீங்க. ரெண்டும் சரி. டிக்கெட்னா பஸ் டிக்கெட்டும்தான், நம்ம தலையில கட்டுற வேலையும்தான். கூட்டம்னா ஜனக்கூட்டமும்தான், மீட்டிங்கும்தான். சில்லறைன்னா காசும்தான், அற்ப விஷயமும்தான். இது நானும் மூணு நண்பர்களும் காலேஜ் முடிச்ச புதுசுல 1ஆம் நம்பர் பஸ்ல ஸ்ரீரங்கம் போகும்போது உருவாக்கினது. ஒருத்தன் ஒரு வரி சொல்வான், அடுத்தவன் அடுத்த வரி சொல்லணும். யோசிக்க ஒரு ஸ்டாப்பிங் தூரம்தான் டைம்.

இந்த விளையாட்டுக்குத் தமிழில் பேர் இருக்கு: சிலேடை, அல்லது இரட்டுற மொழிதல். ஒரே சொற்கள், ரெண்டு அர்த்தம். விடுகதைக்கும் தொல்காப்பியத்திலேயே 'பிசி' என்று பேர் இருக்கிறது. கேட்டவுடன் அங்கேயே பாடுபவருக்கு ஆசுகவி என்று பெயர். இந்த மூன்றையும் கலந்து ஒரே ஆளாகச் செய்தால் யார் மாதிரி இருக்கும்? அதே 1ஆம் நம்பர் பஸ் ரூட்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படுகிற ஒரு சமையல்காரர் மாதிரி இருக்கும்.

அவர் பேர் வரதன். ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்த வைணவர். திருவானைக்காவல் சிவன் கோயிலில் நடனமாடிய மோகனாங்கி மீது அவருக்குக் காதல். சிவனைப் பாடிக்கொண்டே ஒரு வைணவரோடு பழகுகிறாயே என்று கூட ஆடுபவர்கள் கேலி செய்ய, மோகனாங்கி கதவைச் சாத்திவிட்டாள். வரதன் சைவராக மாறி, திருவானைக்காவலுக்கே வந்து சேர்ந்தார். ரெண்டு கோயிலுக்கும் நடுவுல நடந்தா அரை மணி நேரம் கூட ஆகாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில ரெண்டும் ஒரே தீவு. ஆனா அந்தக் காலத்துல அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரிய தூரம்னு யோசிச்சுப் பாருங்க. சொந்தம், வேலை, சாமி, எல்லாத்தையும் ஒரே நடையில மாத்திக்கிட்ட மனுஷன்.

ஒருநாள் இரவு கோயில் மண்டபத்தில் மோகனாங்கிக்காகக் காத்திருந்து அப்படியே தூங்கிவிட்டாராம். அகிலாண்டேசுவரி தாம்பூலம் தரித்த வாயோடு வந்து, அவர் வாயில் அந்தச் சாற்றை உமிழ்ந்தாளாம். அன்றிலிருந்து கருமேகம் பொழிவது போல் கவிதை கொட்டியதால் காளமேகம் என்று பேர். இது ஐதிகம். எனக்கு இதில் பிடித்தது ஒரு விஷயம்தான்: வரம் கேட்டுத் தவம் இருந்த வேறொருவர் அந்தத் தாம்பூலத்தை அருவருத்து மறுத்துவிட்டார் என்றும் அதே கதை சொல்கிறது. கிடைத்தது, காதலிக்காகக் காத்திருந்து தூங்கிப்போனவருக்கு.

சரி, அவர் என்னதான் பாடினார்? பாம்பும் வாழைப்பழமும் ஒன்று என்று ஒரு பாட்டு. ரெண்டுக்கும் தோல் உரியும். ரெண்டும் சிவன் தலையில் இருக்கும், ஒன்று ஆபரணமாக, இன்னொன்று அபிஷேகமாக. ரெண்டிலும் பல் பட்டால் திரும்பி வராது. பாம்பின் பல் பட்டால் உயிர் வராது, நம்ம பல் பட்டால் பழம் வராது. முக்கியமான சொல் 'நஞ்சு'. பாம்புக்கு அது விஷம். பழத்துக்கு அது நைந்து கனிந்த நிலை. இந்த 'நஞ்சு'வை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப வரும்.

காவிரிக்கரைக்காரர் இல்லையா, குதிரையும் காவிரியும் ஒன்று என்றும் பாடியிருக்கிறார். ரெண்டும் ஓடும், ரெண்டுக்கும் சுழி உண்டு. குதிரை வாங்குபவர்கள் அதன் உடம்பில் மயிர்ச்சுழி எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். அம்மா மண்டபம் படித்துறையில் குளிப்பவர்கள் ஆற்றில் சுழி எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் இறங்குவார்கள்.

திட்டுறதிலும் ஆள் கில்லாடி. தண்ணீர் கலந்த மோரை விற்ற பெண்ணிடம் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: வானத்தில் இருந்தால் மேகம், தரையில் விழுந்தால் தண்ணீர், உன் பானைக்குள் வந்தால் மட்டும் மோர். நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரம் என்ற இடத்தில் சோறு வர நேரமானதற்கு அவர் பாடியது, இன்னிக்கு நாம ஃபுட் டெலிவரிக்குப் போடுற ஒத்தை ஸ்டார் ரிவ்யூ மாதிரி. பொழுது சாயும்போதுதான் அரிசியே வரும், சமைப்பதற்குள் ஊர் உறங்கிவிடும், இலையில் சோறு விழும்போது விடிந்துவிடும் என்பது புகார். சத்திரத்துக்காரர் கெஞ்சியதும் அதே பாட்டுக்கு வேறு அர்த்தம் சொல்லிப் புகழாக மாற்றினாராம். விளைச்சல் இல்லாத பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வரும், உலை வைத்தால் ஊரின் பசி அடங்கும் என்று. ஒரு எழுத்தைக் கூட மாத்தல. கோட் அதே, அவுட்புட் வேற.

இதெல்லாம் ஜாலி. ஆனால் தனியாக மாட்டிக்கொண்ட கதையும் இருக்கிறது. காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினம். அரசன் திருமலைராயன். அவைப் புலவர் அதிமதுரகவி, அவரோடு பல்லக்கில் வரும் 64 புலவர்கள். அவர்கள் விடுத்த சவாலுக்கு 'யமகண்டம்' என்று பேர். கீழே நெருப்பும் கொதிக்கும் எண்ணெயும், மேலே சங்கிலியில் தொங்கும் இருக்கை, உடம்பைச் சுற்றிக் கத்திகள். யார் எதைக் கேட்டாலும் உடனே பாடணும், தடுமாறினால் உயிர் போகும். காளமேகம் ஜெயித்தார், ஆனால் மரியாதை கிடைக்கவில்லை, ஊர் மண்மாரியில் அழியட்டும் என்று பாடிவிட்டுக் கிளம்பினார் என்று கதை முடிகிறது. 64 பேர் எதிரில் இருந்தார்கள். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. அந்த அவையில் யாரும் சிரித்ததாக நான் படிக்கவில்லை.

இதுக்கு நேரெதிரா ஒரு ஜோடி இருக்கு: இரட்டைப் புலவர்கள். இளஞ்சூரியர், முதுசூரியர். ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்குக் கால் நடக்காது. பார்வையற்றவர் தோளில் நடக்க முடியாதவர் ஏறிக்கொண்டு வழி சொல்வார். ஊர் ஊராகப் போய்ப் பாடுவார்கள். ஒருவர் வெண்பாவின் முதல் பாதியைப் பாட, இன்னொருவர் மீதியை முடிப்பார். தில்லைக் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா போன்ற நூல்கள் இவர்களுடையவை.

மதுரையில் பொற்றாமரைக் குளத்தில் நடந்ததாக ஒரு சம்பவம். பார்வையற்றவர் துணி துவைக்கும்போது அது கை நழுவிப் போய்விடுகிறது. படியில் உட்கார்ந்திருந்தவர் வெண்பாவை ஆரம்பிக்கிறார். தப்புதல் என்றால் அடித்துத் துவைப்பது, தப்பி ஓடுவதும் தப்புதல்தான். நாம அதைத் தப்பினா, அது நம்மகிட்டேர்ந்து தப்பாதா என்கிற கேலி. துணி போன மனுஷன் கோபப்படவில்லை. பாட்டை வாங்கிக்கொள்கிறார். கலிங்கம் என்றால் துணி. ஒரு கலிங்கம் போனால் போகட்டும், நமக்கு மதுரைச் சொக்கலிங்கம் இருக்கிறார் என்று முடிக்கிறார்.

அமெரிக்காவுல சிகாகோ நகரத்துல 1959ல ஆரம்பிச்ச செகண்ட் சிட்டி மாதிரியான குழுக்கள் மேடையில ஸ்கிரிப்ட் இல்லாம நகைச்சுவை பண்ணுவாங்க. அந்தக் கலையோட முதல் பாடம், கூட நடிக்கிறவர் எதைச் சொன்னாலும் மறுக்காதே, 'ஆமா' சொல்லிட்டு மேல ஒண்ணு சேர்த்துக் குடு. பொற்றாமரைக் குளத்துப் படியில நடந்தது அதுதான். துணி போன வருத்தத்தைக் கூட ஒருத்தர் முதல் பாதியா எடுத்துக் குடுக்கிறார்.

இப்போ ரெண்டு கதையும் சேருற இடத்துக்கு வரலாம். திருவாரூர். இரட்டையர் கோயிலுக்குப் போகிறார்கள். சிவன் முப்புரங்களை எரித்த கதையைக் கிண்டலாக ஆரம்பிக்கிறார்கள். உன் வில்லோ கல், ஏனென்றால் அது மேருமலை. உன் அம்போ மண் தின்றது. அம்பாக வந்த திருமால், கண்ணனாகப் பிறந்தபோது மண் தின்றவர்தானே, மண் அரித்த அம்பு என்றும் அர்த்தம். உன் நாணில் நஞ்சு இருக்கிறது. நாண் வாசுகிப் பாம்பு, அதனால் விஷம், இல்லையென்றால் நைந்துபோன கயிறு. ஆமாம், வாழைப்பழத்தில் பார்த்த அதே 'நஞ்சு'.

அதற்கு மேல் ஓடவில்லை. எப்போதும் முடித்துக் கொடுப்பவருக்கும் வரவில்லை. பாதியைச் சுவரில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு அங்கே வந்த காளமேகம் மீதியை எழுதினார்: இப்படிப்பட்ட உருப்படாத சாமானை வெச்சுக்கிட்டு எப்படி அய்யா எதிரிகளோட ஊரை எரிச்சே? அவர் ஒரு பதிலைத் தேடவே இல்லை. கேள்வியையே முடிவாக்கிவிட்டார்.

இரட்டையர் திரும்பி வந்து சுவரைப் பார்த்தார்கள். யார் எழுதியது என்று விசாரித்தார்கள். அந்த ஆளைப் பார்த்தே ஆகணும் என்று கிளம்பினார்கள். திருவாரூரில் இருந்து திருவானைக்காவல் 100 கிலோமீட்டருக்கு மேல், ஒருவர் தோளில் ஒருவர். வந்து சேர்ந்தபோது காளமேகத்தின் உடல் எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சிதையின் முன்னால் நின்று இரங்கல் பாடினார்கள் என்று கதை முடிகிறது.

இந்த இடத்துல ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும். தேதிகள் இடிக்குது. சாளுவ திருமலைராயன் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவர், அதனால் காளமேகமும் அந்தக் காலம். ஏகாம்பரநாதர் உலாவில் சம்புவராய அரசரைப் பற்றிய குறிப்பு வருவதால் இரட்டையரை 14ஆம் நூற்றாண்டில் வைக்கும் ஆய்வாளர்கள் உண்டு. அது சரியென்றால் இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே முடியாது. இந்தப் பாட்டுகள் பல தலைமுறை வாய்வழியாக வந்தவை. 19ஆம் நூற்றாண்டில்தான் தனிப்பாடல் திரட்டாக அச்சுக்கு வந்தன. வீராசாமி செட்டியாரின் விநோதரச மஞ்சரி போன்ற புத்தகங்கள் கதைகளைப் பரப்பின. இடையில் யார் எதைச் சேர்த்தார்கள் என்பதற்கு வெர்ஷன் ஹிஸ்டரி கிடையாது.

அப்போ இந்தக் கதை பொய்யா? நான் இதை இப்படிப் பார்க்கிறேன். யாரோ ஒருத்தர், இல்ல ஒரு தலைமுறையே, அந்த வெண்பாவைப் பார்த்திருக்காங்க. இதை ஒரே ஆள் எழுதினதா அவங்களுக்குத் தோணல. ஒருத்தர் மாட்டிக்கிட்டு நிற்க, இன்னொருத்தர் வந்து கை குடுத்த மாதிரி தோணியிருக்கு. பார்த்துக்கவே முடியாதவங்களைக் கூட ஒரு சுவத்துல சேர்த்து வெச்சிருக்காங்க. சேர்த்து வெச்சவங்க, நேர்ல சந்திக்க மட்டும் விடல. லேட்டா வந்து சேர்றது எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போது எங்க பழைய வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். கண்டக்டர் - மேனேஜர் விடுகதைக்கு முதல் வரி குடுத்த நண்பன் இப்போ வேற நாட்டுல இருக்கான். 11 மாசத்துக்கு முன்னாடி அவன் ஒரு பாதி வரி போட்டிருந்தான்: 'கையில பிடிச்சா விடமாட்டோம், முகத்துக்கு நேரா வெச்சுப் பார்ப்போம்...' அவ்வளவுதான். அடுத்தவன் முடிக்கணும், அதுதான் ரூல். அந்த வாரம் எனக்கு ரிலீஸ். அப்புறம் முடிக்கலாம்னு விட்டேன். மத்த ரெண்டு பேரும் விட்டுட்டாங்க. அதுக்குப் பிறகு அந்தக் குரூப்புல ஒரு மெசேஜ் கூட இல்ல.

போன சனிக்கிழமை திருவானைக்காவல் மதில் ஓரமா உட்கார்ந்து டைப் பண்ணினேன்: 'சார்ஜ் இறங்கினா தூக்கிப் போடுவோம். கண்ணாடியா, போனா, கூட்டாளியா?'

நாலு நிமிஷத்துல பதில் வந்துச்சு. "இதுக்கு 11 மாசமாடா? கண்ணாடிக்கு ஏதுடா சார்ஜ்? சிலேடை உதைக்குது. திரும்ப எழுது."

எழுதிக்கிட்டு இருக்கேன். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.