அரங்கில் அமைதி பிறந்த கதை

1778ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா. பாரிஸ் மாநகரில் பெருந்திருவிழா நாட்களிலும் தவக்காலத்திலும் ஓபரா எனப்படும் இசைநாடக அரங்கை மூடிவிடுவது அக்கால வழக்கம். அந்நாட்களில் இசையில்லாமல் இருக்க மனமில்லாத நகரத்தாருக்கென்று 1725இல் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ‘ஆன்மிக இசையரங்கு’ என்று பொருள்படும் பெயர் அதற்கு. பெயர்தான் ஆன்மிகம், வந்து அமர்ந்தவர்கள் பெரும்பாலும் மற்ற நாட்களில் ஓபராவுக்குச் சென்றவர்களே. அன்று துய்லரி அரண்மனை மண்டபத்தில் இருபத்திரண்டு வயது இளைஞர் மோட்சார்ட் புதிதாக எழுதிய சிம்பொனி ஒன்று அரங்கேறியது.

அந்த மாலைப் பொழுதைப் பற்றி ஜூலை 3ஆம் நாள் தம் தந்தைக்கு அவர் எழுதிய மடல் இன்றும் இருக்கிறது. அன்றுதான் அவருடைய தாய் பாரிசில் உயிர்நீத்தார். அதை ஒரேயடியாகத் தந்தைக்குச் சொல்ல மனம் துணியாமல், தாய் கடும் நோயுற்றிருக்கிறார் என்று மட்டும் எழுதிவிட்டு, சிம்பொனியின் கதைக்கு வருகிறார் மகன். முதற்பகுதியின் நடுவில் கேட்போரை நிச்சயம் கவரும் என்று தாம் எண்ணிய இடம் ஒன்று இருந்ததாம். அது வந்ததும் அரங்கம் முழுவதும் கைதட்டியதாம். அப்படி ஆகும் என்று முன்பே அறிந்து, அதே இடத்தை முடிவிலும் ஒருமுறை வைத்திருந்தாராம். கடைசிப் பகுதியை எல்லா வாத்தியங்களும் சேர்ந்து முழக்கத்தோடு தொடங்குவது பாரிஸ் வழக்கம். இவரோ வயலின்களை மட்டும் மெல்லிதாகத் தொடங்கவைத்தார். அரங்கத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் ‘உஷ்’ என்று அடக்கினார்கள். அடுத்த கணம் முழு வாத்தியக் குழுவும் எழுந்து முழங்கியபோது அவர்களுடைய கைகளும் சேர்ந்து முழங்கின. அந்த மகிழ்ச்சியில் மோட்சார்ட் வெளியே சென்று ஐஸ் வாங்கி உண்டார். நேர்ந்துகொண்டிருந்தபடி செபமாலை சொன்னார். பின் வீடு திரும்பினார்.

செபமாலைச் செய்தி நம் வாசகருக்கு இனிக்கும் என்பதை அறிவேன். ஆனால் இம்மடலில் நான் சுட்ட விரும்புவது வேறு. இசை நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு பகுதியின் நடுவிலேயே, அரங்கம் கைதட்டுகிறது. இசையமைத்தவர் அதனால் சினங்கொள்ளவில்லை. அதை எதிர்பார்த்து, கணக்கிட்டு, அதற்கு இடம்விட்டே எழுதியிருக்கிறார். அதே சிம்பொனியை இன்று ஐரோப்பிய இசையரங்கு ஒன்றில் கேட்கும் ஒருவர் அதே இடத்தில் கைதட்டினால் முன்வரிசையிலிருந்து பல தலைகள் திரும்பும். அண்டை இருக்கையிலிருந்து அதே ‘உஷ்’ வேறு குரலில் வரும். இடைப்பட்ட இரண்டு நூற்றாண்டுகளில் என்ன நேர்ந்தது?

இதற்கு விடைகாணுமுன், அன்றைய கேட்போர் எல்லாரும் பாரிஸ் மக்களைப்போல் கூர்ந்து கேட்டவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. இத்தாலிய ஓபரா அரங்குகளில் அடுக்கடுக்காக அமைந்த மாடங்களைச் செல்வக் குடும்பங்கள் சொந்தமாகவே வைத்திருந்தன. அங்கே உணவு உண்டார்கள்; சீட்டாடினார்கள்; மாடத்துக்கு மாடம் சென்று நலம் விசாரித்தார்கள்; வேண்டாதபோது திரையை இழுத்து மூடிக்கொண்டார்கள். ஒரே நாடகம் பல இரவுகள் தொடர்ந்து நடந்ததால் முழுவதையும் ஒரே இரவில் கேட்கவேண்டிய கட்டாயமும் இல்லை. விளக்குகள் கடைசிவரை எரிந்தன. மேடையைப் பார்ப்பதைவிட எதிர் மாடத்தைப் பார்ப்பதற்கே அந்த வெளிச்சம் மிகுதியும் பயன்பட்டது. இரண்டாந்தரப் பாடகர் பாடும்போது குளிர்பண்டம் விற்பவர் உலா வருவார் என்பதால், அத்தகைய பாடலுக்கே ‘சர்பத்துப் பாட்டு’ என்ற பெயர் ஏற்பட்டுவிட்டது. பாடியவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தப் பெருங்கூச்சலுக்கு நடுவே உண்மையான அரங்க மரியாதை ஒன்றும் பிறந்தது. அதைத் தேடினால் நாம் டப்ளின் நகருக்குச் செல்லவேண்டும். 1742 ஏப்ரல் 13ஆம் நாள் அங்கே ஹாண்டெலின் ‘மெசையா’ முதன்முதலாக அரங்கேறியது. கடன்பட்டுச் சிறையில் கிடந்தவர்களை மீட்கவும் இரண்டு மருத்துவமனைகளுக்கு உதவவும் நடந்த நிகழ்ச்சி அது. இடமோ சிறிது. எனவே பெண்கள் பாவாடைக்குள் அணியும் அகன்ற வளையங்களை விட்டுவிட்டும், ஆண்கள் இடுப்பு வாளைக் கழற்றி வைத்துவிட்டும் வரவேண்டும் என்று முன்கூட்டியே செய்தித்தாளில் வேண்டுகோள் வெளியாயிற்று. வளையமும் வாளும் அன்றைய மேன்மக்களின் தகுதிச் சின்னங்கள். அவற்றைத் துறந்து வந்ததால் இன்னும் பலர் அமர இடம் கிடைத்தது. ஏறத்தாழ எழுநூறு பேர் கூடினர். கிடைத்த பணத்தைக் கொண்டு 142 கைதிகள் விடுதலை பெற்றார்கள் என்பர். கைதட்டலாமா கூடாதா என்பதைப் பற்றி அந்த வேண்டுகோளில் ஒரு சொல்லும் இல்லை. தன் பெருமைக்கென அடைத்துக்கொண்ட இடத்தை அடுத்தவருக்கு விட்டுக்கொடு என்பதே அதன் உட்பொருள். அரங்க மரியாதை பற்றிப் பிற்காலத்தில் எழுந்த சட்டங்களையெல்லாம் இந்த ஓர் அளவுகோலால் அளந்து பார்க்கலாம் என்பது என் கருத்து.

அந்த அளவுகோலில் தேறாதவர்களுக்குப் பேத்தோவன் கொடுத்த அடி புகழ்பெற்றது. அவருடைய மாணவர் ரீஸ் எழுதிவைத்த செய்தி அது. ஒரு பிரபுவின் இல்லத்தில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பியானோ வாசித்துக்கொண்டிருக்க, இளம் பிரபு ஒருவர் வாயிலருகே ஒரு பெண்மணியோடு உரக்கப் பேசிக்கொண்டே இருந்தார். அடக்கியும் அடங்கவில்லை. பேத்தோவன் மாணவரின் கையைப் பியானோவிலிருந்து தூக்கிவிட்டு எழுந்தார். இத்தகைய பன்றிகளுக்குத் தாம் வாசிப்பதில்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அதன்பின் எத்தனையோ பேர் கெஞ்சியும் வாசிக்கவில்லை. பிரபு வீட்டுச் சமையற்காரரோடு ஒன்றாக அமர்ந்து உண்ணவேண்டியிருந்த இசைக்கலைஞர் இனம், கேட்பவரைக் கேட்கச் சொல்லும் துணிவு பெற்றுவிட்டதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஆனால் அதே பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி 1824 மே 7ஆம் நாள் வியன்னாவில் அரங்கேறியபோது கேட்டவர்கள் அடங்கியிருக்கவில்லை. அவர் அப்போது முற்றிலும் செவிப்புலன் இழந்தவர். அரங்கிற்கு முதுகைக் காட்டி நின்றிருந்த அவருக்குப் பின்னால் எழுந்த ஆரவாரம் எட்டவே இல்லை. பாடகி கரோலின் உங்கர் அவரைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். மக்கள் கைக்குட்டைகளையும் தொப்பிகளையும் வீசிக் காட்டினார்கள் என்பர். காதால் கேட்க இயலாதவர் கண்ணாலாவது காணட்டுமே என்று! அந்த ஆரவாரத்தை நாகரிகக் குறைவு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அமைதி என்பது ஒரு பழக்கமாக வேரூன்றியதில் ஜெர்மானிய நகரமாகிய லைப்சிக்குக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே துணி வணிகரின் மாளிகையில் 1781இல் ஓர் இசைக்கூடம் அமைத்து, உண்மையான இன்பம் கடுமையான காரியம் என்ற கருத்துள்ள இலத்தீன் தொடரைச் சுவரில் பொறித்தார்கள். மாடங்களைச் சொந்தமாகக் கொண்ட பிரபுக்கள் அல்லர் அங்கு வந்தவர்கள். உழைத்துப் பொருளீட்டி, அந்தப் பொருளைக் கொடுத்து உள்ளே வந்த நடுத்தரக் குடியினர். 1835 முதல் அக்குழுவை நடத்தியவர் மெண்டல்சன். இருபது வயதில், 1829இல், மறக்கப்பட்டுக் கிடந்த பாகின் மத்தேயு பாடுகளை பெர்லினில் மீண்டும் ஒலிக்கச் செய்தவர் இவரே. மறைந்தவர்களின் படைப்புகள் மேடையேறத் தொடங்கியதும் கேட்பவரின் மனநிலையும் மாறிற்று. உயிரோடு எதிரில் நிற்பவரைத் தட்டிக்கொடுக்கலாம். மறைந்தவரின் முன் தலை தானாகத் தாழ்கிறது. மெண்டல்சன் தம் வயலின் கொன்செர்ட்டோவின் பகுதிகளுக்கிடையே கைதட்டலுக்கு இடமே விடவில்லை. 1845இல் அரங்கேறிய அப்படைப்பில், முதற்பகுதி முடியும் முழக்கத்திலிருந்து பசூன் என்னும் குழல் ஒரே ஒரு சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நம்மை அடுத்த பகுதிக்கு அழைத்துச் செல்கிறது. ஒருவரையும் கடிந்துகொள்ளாமல் கேட்பவரை அமைதிப்படுத்திய அந்த ஒற்றைச் சுரத்தை நினைத்து நான் பலமுறை வியந்ததுண்டு.

அதே காலத்துப் பாரிஸ் ஓபராவில் கைதட்டல் கூலிக்கு விற்கப்பட்டது. 1830களில் அங்கே ஆகுஸ்த் லெவாசர் என்பவர் கூலிக் கைதட்டிகளின் தலைவராக விளங்கினார். எந்த இடத்தில் எவ்வளவு தட்டவேண்டும் என்பதை அரங்க மேலாளரோடு முன்கூட்டியே கலந்து முடிவுசெய்வார். சிரிப்பதற்கு ஆள், கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றி அழுவதற்கு ஆள், ‘இன்னொரு முறை’ என்று கூவுவதற்கு ஆள் எனத் தனித்தனி வேலைகள் அவர்களிடையே இருந்தன. இது பாரிசாரின் கண்டுபிடிப்பு என்று சொல்ல இயலாது. நீரோ மன்னன் தான் பாடும்போது கைதட்டுவதற்கென்றே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞரைப் பழக்கி வைத்திருந்தான் என்கிறார் வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ். தேனீக்கள், ஓடுகள், செங்கற்கள் என்று தட்டும் முறைகளுக்குப் பெயர்களும் இருந்தனவாம். அவன் பாடி முடியும்வரை யாரும் வெளியேறக் கூடாது. எனவே செத்தவர்போல் நடித்துத் தம்மைத் தூக்கிச் செல்லச் செய்தவர்களும் உண்டாம். இத்தகைய கைதட்டலைக் கண்டு சலித்தவர்கள் அமைதியைப் புகலிடமாக நாடியதில் வியப்பில்லை.

அந்த அமைதிக்குக் கோயில் கட்டியவர் வாக்னர். பைராய்ட் நகரில் 1876இல் திறந்த தம் அரங்கில் விளக்குகளை மங்கச்செய்து, ஒருவரையொருவர் பார்க்கமுடியாதபடி எல்லார் முகத்தையும் மேடைப்பக்கம் திருப்பினார். 1882 ஜூலையில் ‘பார்சிஃபால்’ அரங்கேறியபோது, உணர்வு கலையாதிருக்க வேண்டும் என்பதற்காக, நடிகரைத் திரைமுன் அழைக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வந்தவர்கள் அதைக் கைதட்டவே கூடாது என்று பொருள்கொண்டு, எல்லாம் முடிந்தபின்னும் கல்லாய் அமர்ந்திருந்தார்கள். வாக்னர் திகைத்துப்போனார். பின்னர் ஒருநாள், மலர்க்கன்னியர் காட்சி முடிந்ததும் மகிழ்ச்சி மேலிட்டுப் ‘பிராவோ’ என்று கூவினார். இருட்டில் கூவியவர் யாரென்று அறியாத பக்தர்கள் சீறி அவரை அடக்கினார்கள். படைத்தவனையே அவனுடைய படைப்பின் பெயரால் வாயடைத்த பக்தி இது.

ஏறக்குறைய கி.பி. 400இல் கான்ஸ்தாந்திநோப்பிளில் இதற்கு நேர்மாறானது நடந்தது. மறையுரையின்போது மக்கள் கைதட்டுவது அக்கால வழக்கம். பொன்வாய் அருளப்பர், இனி யாரும் கைதட்டக் கூடாது என்று ஒரு சட்டமே செய்வோம் என்று அழகுறப் பேசினார். அந்தப் பேச்சுக்கே மக்கள் கைதட்டினார்கள்! மறையுரை ஆற்றும் என் போன்றோர்க்கு, அவர்கள் விழித்தாவது இருந்தார்களே என்ற பொறாமைதான் தோன்றுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் அமைதி சட்டமாகவே இறுகியது. அதில் நல்லதும் உண்டு, மறுக்கவில்லை. வியன்னா ஓபராவின் பொறுப்பை 1897இல் ஏற்ற மாலர், காலந்தாழ்த்தி வந்தவர்களைத் தொடக்க இசையின்போது உள்ளே விடவில்லை. கூலிக் கைதட்டிகளை விரட்டப் போராடினார். மிலான் நகரில் தொஸ்கானினி, பெண்கள் தங்கள் பெரிய தொப்பிகளைக் கழற்ற வேண்டும் என்றார். டப்ளினின் பாவாடை வளையமும் மிலானின் தொப்பியும் ஒரே இனம். ஆனால் பகுதிகளுக்கிடையே கைதட்டியவரை முறைத்துப் பார்க்கும் வழக்கத்தை இந்த இனத்தில் சேர்க்க எனக்கு மனமில்லை. அங்கே அடுத்தவரின் காதுக்கு எந்த இடையூறும் இல்லை, இசைதான் நின்றிருக்கிறதே. முறைப்பவர் காப்பது இசையையன்று. எப்போது தட்டவேண்டும் என்று தமக்குத் தெரியும், புதிதாக வந்தவருக்குத் தெரியாது என்ற வேற்றுமையைத்தான். பழைய மாடங்களின் திரையை அகற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத வேறொரு திரையைக் கட்டிக்கொண்டார்கள். முதன்முறையாக நுழைவுச்சீட்டு வாங்கி, உள்ளம் பொங்கித் தட்டிய ஒருவர், சுற்றியிருந்தோரின் பார்வையில் கூனிக்குறுகி, மறுமுறை வராமலே போயிருப்பார். அந்த இழப்பைக் கணக்கிட்டவர் யார்?

இதைச் சொல்லத் தகுதியுள்ள ஒருவர் இருந்தார். 1913 மே 29ஆம் நாள் பாரிசில் ஸ்திராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ அரங்கேறியபோது எழுந்த அமளி வரலாற்றுப் புகழ்பெற்றது. நடனமாடுவோருக்கு இசை கேட்காமல், நிஜின்ஸ்கி மேடையோரத்தில் நாற்காலிமேல் நின்று தாளக் கணக்கை உரக்கக் கூவவேண்டியதாயிற்று. அந்தக் கூச்சலுக்கிடையே கடைசி சுரம்வரை இசைக்குழுவை நடத்தி முடித்தவர் பியேர் மோந்தோ. கேட்போரின் கொடுமையை அவரைவிட மிகுதியாகக் கண்டவர் சிலரே. அவரே தம் முதுமையில், கேட்போர்மீது தமக்குள்ள பெருங்குறை பகுதிகளுக்கிடையே கைதட்டாமல் செயற்கையாக அடக்கிக்கொள்வதுதான் என்றார்.

அடக்கமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1965 ஆகஸ்ட் 15ஆம் நாள் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் குழுவைக் காண ஐம்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். அவர்கள் போட்ட கூச்சலில் பாடியவர்களுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டோடு அக்குழு இசைப் பயணங்களை நிறுத்திக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் புகுந்துவிட்டது. அன்பு மிகுதியால் எழுந்த ஒலிதான். ஆனால் அன்பு செய்யப்பட்டவர்களை அது துரத்திவிட்டது.

2012 ஜனவரி 10ஆம் நாள், அதே நியூயார்க்கில், பில்ஹார்மோனிக் குழுவினர் மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை வாசித்துக்கொண்டிருந்தார்கள். இசை தேய்ந்து தேய்ந்து மௌனத்தில் கரையும் இறுதிப்பகுதி. முன்வரிசையில் ஒரு கைப்பேசி மணியடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. நடத்துநர் ஆலன் கில்பர்ட் கையைத் தாழ்த்தி இசையை நிறுத்தினார். மணி அடித்த இடத்தைப் பார்த்து, அதை அணைக்கச் சொன்னார். அதுவரை மூச்சடக்கி இருந்த அரங்கம், அந்த மனிதரை வெளியே தள்ளு, தண்டம் விதி என்று கூச்சலிட்டது. அந்தக் கூச்சல் மணியைவிடப் பெரிது. மணி நின்றது; கில்பர்ட் கேட்போரிடம் வருத்தம் தெரிவித்து, சற்று முன்னே உரத்து ஒலிக்கும் ஓரிடத்திலிருந்து மீண்டும் தொடங்கினார்.

அந்த மனிதர் யாரென்று பின்னர் செய்தித்தாளில், பெயரின்றி, வெளிவந்தது. இருபது ஆண்டுகளாகத் தொடர்ந்து சந்தா கட்டி அந்த அரங்கிற்கு வந்துகொண்டிருந்தவர். அலுவலகத்தில் முந்தின நாள்தான் புதிய கைப்பேசியைக் கொடுத்திருந்தார்கள். ஒலியை அடக்கியே வைத்திருந்தார். உள்ளே விழிப்பு மணி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. பிறர் அரங்கில் பேசுவதையும் இருமுவதையும் கண்டு தாமே எரிச்சல்பட்டவராம். அதன்பின் இரண்டு இரவுகள் அவருக்கு உறக்கம் இல்லை. கில்பர்ட்டோடு தொலைபேசியில் பேசி அவர் மன்னிப்புக் கேட்க, கில்பர்ட் அதை ஏற்றுக்கொண்டார்.