தேயப் பிறந்த கட்டை

சைக்கிளில் டயரும் தேயும், பிறேக் கட்டையும் தேயும். டயர் ஓடித் தேய்கிறது. கட்டை, ஓட்டத்தை நிறுத்தித் தேய்கிறது. சில்லறைக் காசுச் சாமான் என்பதால் அதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் ஒன்றரை நூற்றாண்டில் அது இரும்பு, அலுமினியம், காபன் என்று மூன்று றிம்களோடு குடித்தனம் நடத்திவிட்டது. மூன்றாவது குடித்தனம்தான் சிக்கலானது.

ஆரம்பத்தில் பிறேக் டயரின் மேலேயே உட்கார்ந்தது. கரண்டி வடிவத் தகடு ஒன்று முன் சில்லை மேலிருந்து அழுத்தும். 1888இல் டன்லொப்பின் காற்றடைத்த டயர் வந்தபின் அந்தத் தகடு டயரை அரித்துத் தின்றது. பிறேக் றிம்முக்கு இறங்கியது, றப்பர் கட்டையாகியது.

அந்த றப்பருக்கும் நமக்கும் பழைய உறவு. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகள் ஏறத்தாழ 1,900 அதே ஆண்டில் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவற்றை நட்டார்கள். பின்னர் இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை எல்லாம் றப்பர் நாடாயின. 1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு ஒப்பந்தம் செய்து, றப்பரைக் கொடுத்து அரிசி வாங்கியது. இன்று நெல் விளையும் அம்பாறைக் கரையில், அதே சீனாவின் சியாமென் நகரப் பட்டறைகளில் வார்த்த காபன் றிம்மைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வாப்பாமார் ஓட்டிய றலி, ஹம்பர் வண்டிகளில் பிறேக்குக்கு வயர் இல்லை, இரும்புக் கம்பிதான். பிடியை அமுக்கினால் கம்பி மேலே இழுபட்டு, இரண்டு கட்டைகள் றிம்மின் உட்புறத்தில் ஏறி அமரும். பின்னால் நெல் மூட்டை, முன்பாரில் பிள்ளை. சாகாமத்து வட்டைக்கும் அக்கரைப்பற்றுச் சந்தைக்கும் அது போதுமாக இருந்தது. மாரி பிறந்தால் மட்டும் குணம் மாறிவிடும். குரோம் பூசிய இரும்பு நனைந்தால் கட்டை வழுக்கும். செருப்புக் காலை நிலத்தில் ஊன்றி வண்டியை நிறுத்திய தலைமுறை அது.

அலுமினியம் வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது. இலேசானது, ஈரத்திலும் ஓரளவு பிடிக்கும், சூட்டையும் வேகமாகக் கடத்தி வெளியேற்றும். ஒரு குறைதான்: மென்மையான உலோகம் என்பதால் துணுக்குகள் கட்டையில் ஏறிக் குத்தி நிற்கும். ஊசியால் கிண்டி எடுக்காவிட்டால் அவை றிம்மையே சுரண்டும்.

காபன் றிம் என்பது நாரும் பசையும் சேர்ந்தது. கரிநாரை எப்பொக்சிப் பசையில் ஊறவைத்து, அச்சில் அடுக்கிச் சூடேற்றி இறுக்குகிறார்கள். பிறேக்கின் சூட்டை நார் தாங்கும், பசை தாங்காது. குறித்த ஒரு வெப்பநிலைக்கு மேல் அது இளகும். போதாததற்கு, கட்டை உரசும்போது எழும் சூடு அலுமினியத்தில் போல உள்ளே பரவிப் போவதில்லை, மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். எல்ல ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் வீதியில் 800 மீற்றர் வரை கீழே வருகிறோம். ஆளும் வண்டியும் 80 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் கழிக்க வேண்டிய சக்தி சுமார் 630 கிலோஜூல். இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சம், பிறேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குபவரின் றிம்மில்தான் இறங்கும். உள்ளே டியூப் போடும் வகை றிம்மில், காற்றமுக்கம் ஓரச் சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். பசை இளகினால் சுவர் புடைக்கும், அதோடு சில்லின் கதை முடிந்தது. டயரை ஒட்டிவிடும் வகையில் அந்தச் சுவரே இல்லை; போட்டி ஓட்டக்காரர்கள் காபனில் முதலில் அதை நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே கட்டையின் குணத்தையே மாற்ற வேண்டி வந்தது. பிரான்சின் கொரிமா நிறுவனம் தக்கை கலந்த கட்டை செய்தது. சுவிஸ்ஸ்டாப் நிறுவனம் மஞ்சள் நிறக் கட்டையையும் பின்னர் பிளாக் பிரின்ஸ் என்ற கரிய கட்டையையும் கொண்டுவந்தது. கலவை வேறு வேறு, நோக்கம் ஒன்று: றிம் வேகாமல் பிடி கிடைக்க வேண்டும், தேய்வு கட்டைக்கே போக வேண்டும். சில்லைச் செய்தவர் எந்தக் கட்டையைச் சொல்கிறாரோ அதையே போடுங்கள். வேறு போட்டால் உத்தரவாதமே செல்லாது என்று எழுதும் நிறுவனங்கள் உண்டு. கடைக்காரர் “எந்தக் கட்டையும் சரிதான் தம்பி” என்றால் நம்ப வேண்டாம். அலுமினிய றிம்மில் ஓடிய கட்டையைக் காபனுக்கு மாற்றவே கூடாது. அதில் குத்தியிருக்கும் துணுக்கு ஒன்றே றிம்மில் கோடு கிழித்துவிடும். கட்டையின் முன்முனை ஒரு மயிரிழை முந்தித் தொடும்படி பூட்டினால் கிறீச் சத்தம் அடங்கும். இறக்கத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டே வராமல், அழுத்திப் பிடித்து விடுவதும் மீண்டும் பிடிப்பதுமாக வர வேண்டும்.

மழையில் காபன் றிம் பழைய குரோம் றிம்மின் சொந்தக்காரன்தான். பிடியை அமுக்கியதும் முதலில் தண்ணீர் துடைபடும், பிறகுதான் வேகம் குறையும். உரசும் பரப்பைச் சொரசொரப்பாக்கி இதைப் பெருமளவு சரிசெய்திருக்கிறார்கள். என்றாலும் வாடைக் காலத்து வெள்ளம் நிற்கும் றோட்டில் அதைச் சோதித்துப் பார்க்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அடுத்து ஆழம். றிம் ஆழமானால் காற்றை வெட்டும். அமெரிக்காவின் ஸ்டீவ் ஹெட், பின்னர் சிப் (Zipp) நிறுவனம் என்று பலர், கூரான வீ வடிவைவிட வயிறு புடைத்த வடிவமே பக்கக் காற்றில் அடங்கி ஓடும் என்று கண்டார்கள். ஆனால் எந்த வடிவமானாலும் 60, 80 மில்லிமீற்றர் ஆழம் என்பது காற்றுக்கு விரித்த பாய்.

இந்தக் கரைக்கு வருவோம். கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியே பொத்துவில் போகும் ஏ-4 வீதி வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. வைகாசிக்குப் பின் வீசும் கச்சான் மேற்கிலிருந்து, வயல்வெளியில் தடை ஏதுமின்றி வந்து, ஓட்டுபவரின் விலாவில் அடிக்கும். வீடுகளும் மதிலும் உள்ள இடத்தில் தெரியாது. வெளிக்கு வந்த கணத்தில் முன் சில்லு கையிலிருந்து திமிறும். அந்த நேரம் பக்கத்தில் பஸ் ஒன்று வந்தால் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. திருக்கோவிலிலிருந்து மேற்கே சாகாமம் போகும் வீதியில் அதே கச்சான் முகத்துக்கு நேரே வரும். மூச்சு வாங்கும், ஆனால் வண்டி திமிறாது. கைப்பிடியைத் திருப்புவது முன் சில்லில் படும் காற்றே. பின் சில்லின் ஆழம் அவ்வளவு தொல்லை தராது. மெலிந்த உடம்புக்காரர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

2018 ஜூலை முதல் வீதிப் போட்டிகளில், றிம்மைத் தொடாத டிஸ்க் பிறேக் முழுமையாக அனுமதிக்கப்பட்டது. புதுக் காபன் சில்லுகளில் பெரும்பாலானவை இப்போது அதற்கே வருகின்றன. றிம் பிறேக் சில்லுகள் பழசாக, மலிவாகக் கைமாறுகின்றன. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் சைக்கிளுக்குத் திரும்பியவர்களில் ஆசை வளர்ந்த சிலரின் கண் அவற்றில் விழுவது நியாயம்தான். அப்படி வாங்குவோர் உரசும் பரப்பில் விரலை ஓடவிட்டுப் பாருங்கள். புடைப்போ, வெடிப்போ, ஆழமான கோடோ இருந்தால் விலை பேசவே வேண்டாம். நீண்ட வால்வுள்ள டியூப் இரண்டும், அதற்குப் பொருந்தும் பம்பும் கையோடு வாங்குங்கள். நம்மூர்க் கடைப் பம்ப் அதில் பொருந்துவது அரிது.

என் தீர்ப்பு இது: இந்தக் கரையில் முன் சில்லுக்கு 30 முதல் 35 மில்லிமீற்றர், பின்னுக்கு 40 அல்லது 50. உலகப் போட்டிகளிலேயே 2026 முதல் கூட்டமாக ஓடும் பந்தயங்களில் 65க்கு மேல் கூடாது என்று சர்வதேச சைக்கிள் ஒன்றியம் வரம்பு கட்டிவிட்டது. எல்ல, நுவரெலியா என்று மலை இறங்கும் எண்ணம் இருந்தால், அல்லது மாரியிலும் நாள்தோறும் வேலைக்குப் போகும் வண்டியென்றால், காபன் றிம் பிறேக் வேண்டாம். நல்ல அலுமினிய றிம்மும் புதுக் கட்டை நான்கும் வாங்கிப் பூட்டுங்கள்.