ஐஎஃப்சி: கட்டட மாதிரிகளின் பொதுக் கோப்பு வடிவம்

ஐஎஃப்சி என்பது ஒரு மென்பொருளில் உருவாக்கிய முப்பரிமாணக் கட்டட மாதிரியை வேறொரு நிறுவனத்தின் மென்பொருளிலும் திறப்பதற்காக வகுக்கப்பட்ட கோப்பு வடிவம். 'இண்டஸ்ட்ரி ஃபவுண்டேஷன் கிளாசஸ்' என்ற பெயரின் சுருக்கம் இது. பில்டிங்ஸ்மார்ட் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு இதைப் பராமரிக்கிறது. ஐஎஸ்ஓ 16739 என்ற எண்ணில் பன்னாட்டுத் தரமாகவும் இருக்கிறது. உரிமக் கட்டணம் எதுவும் இல்லை.

இதற்கு முன்பும் பரிமாற்ற வடிவங்கள் இருந்தன. 1980-இல் அமெரிக்காவில் ஐஜிஇஎஸ் வந்தது. 1982-இல் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளுடன் டிஎக்ஸ்எஃப் வந்தது. இரண்டும் கடத்தியது பெரும்பாலும் கோடுகளையும் வளைவுகளையும் பரப்புகளையும்தான். தாளில் இரண்டு இணைகோடுகளைப் பார்த்ததும் கொத்தனார்கூட அது சுவர் என்று சொல்லிவிடுவார். கணினிக்கு அது தெரியாது. கட்டடத்தைக் கோடுகளாக வரையாமல் சுவர், தூண், உத்தரம் என்ற பொருள்களாகவே கணினியில் சேமிக்கலாம் என்று 1970-களின் நடுவிலேயே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஈஸ்ட்மன் காட்டியிருந்தார். ஆனால் அந்தப் பொருள்களை மென்பொருள்களுக்கிடையே கொண்டுசெல்லப் பொதுமொழி இல்லை. உற்பத்தித் தொழில்களுக்காக ஐஎஸ்ஓ 1984-இல் தொடங்கிய ஸ்டெப் தரம் அந்த மொழியின் இலக்கணத்தைத் தந்தது. தரவைப் பொருளாக விவரிக்கும் 'எக்ஸ்பிரஸ்' மொழி, அதை வெறும் எழுத்துக் கோப்பாக எழுதும் முறை ஆகிய இரண்டையும் ஐஎஃப்சி ஸ்டெப்பிடமிருந்தே எடுத்துக்கொண்டது.

1994-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் கூட்டிய குழுவிலிருந்து ஐஎஃப்சியின் வரலாறு தொடங்குகிறது. ஹெச்ஓகே, ஹனிவெல், கேரியர் போன்ற 12 அமெரிக்க நிறுவனங்கள் அதில் இருந்தன. சி++ நிரல்மொழியில் பொதுவான கிளாஸ்களை, அதாவது பொருள் வகைகளை, எழுதிவைத்தால் எல்லா மென்பொருளும் அவற்றைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதே முதல் யோசனை. யோசனை பின்னர் மாறியது. பெயரில் மட்டும் 'கிளாசஸ்' தங்கிவிட்டது. 1995-இல் குழு எல்லோருக்கும் திறக்கப்பட்டது. பிறகு பன்னாட்டுக் கூட்டணியாகி, இன்னும் சில ஆண்டுகளில் பில்டிங்ஸ்மார்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. முதல் பதிப்பு 1997-இல் வெளியானது. 2000-இல் வந்த 2எக்ஸ் பதிப்பு நிலையான அடித்தளத்தை அமைத்தது. 2006-இல் வந்த 2எக்ஸ்3 தொழிலில் ஆழமாக வேரூன்றியதால், 2013-இல் நான்காம் பதிப்பு முழு ஐஎஸ்ஓ தரமாக வந்த பிறகும் பல அலுவலகங்கள் பழையதை விடவில்லை.

ஐஎஃப்சி கோப்பு ஒன்றைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். ஒரு வரி மற்றொன்றை அந்த எண்ணால் சுட்டும். திட்டத்துக்குள் மனை, மனைக்குள் கட்டடம், கட்டடத்துக்குள் தளம், தளத்துக்குள் சுவர் என்று அடுக்கு போகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் 22 எழுத்துகள் கொண்ட தனி அடையாளம் உண்டு. இதில் அழகான இடம் கதவு. சுவரில் நேரடியாகக் கதவு இருக்காது. சுவரைத் துளைக்கும் 'திறப்பு' தனிப்பொருள். அந்தத் திறப்பை நிரப்பும் கதவு இன்னொரு பொருள். துளைத்தல், நிரப்புதல் என்ற உறவுகளும் தனித்தனி வரிகளாக எழுதப்படும். கதவை நீக்கினாலும் திறப்பு நிற்கும். கட்டுமானத் தளத்தில் நிலை வைப்பதற்கு முன் சுவரில் விடும் இடைவெளியைப் பார்த்தவருக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும்.

பரிமாற்றம் தடைபடுவதன் விலையை 2004-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது: அந்நாட்டின் பெருங்கட்டடத் துறையில் ஆண்டுக்கு 1,580 கோடி டாலர். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்தவர்கள் உரிமையாளர்களும் கட்டடத்தை நடத்துபவர்களும். அதனால்தானோ என்னவோ, ஐஎஃப்சியை முதலில் வற்புறுத்தியதும் கட்டடங்களை வைத்திருக்கும் அரசுகளே. பின்லாந்தின் அரசுக் கட்டட நிறுவனமான செனட் பிராப்பர்ட்டீஸ் 2007 அக்டோபர் முதல் தன் திட்டங்களுக்கு ஐஎஃப்சி மாதிரி கேட்டது. நார்வேயும் தொடர்ந்தது. சிங்கப்பூர் 2000-களின் தொடக்கத்திலேயே விதிமுறைச் சோதனைக்கு இதைப் பயன்படுத்திப் பார்த்தது. 2023 டிசம்பரில் தொடங்கிய கோர்நெட் எக்ஸ் அனுமதி முறைக்கு ஐஎஃப்சி-எஸ்ஜி என்ற உள்ளூர் வடிவத்தையே வகுத்துக்கொண்டது.

வடிவம் திறந்தது என்பதால் வழி திறந்துவிடவில்லை. ஒரே சுவரைத் தரைவடிவை உயர்த்திய திண்மமாகவும் எழுதலாம், முகங்களின் தொகுப்பாகவும் எழுதலாம். இரண்டும் தரப்படி சரியே. எந்த வகையென்று மென்பொருளுக்குப் புரியாதவற்றைப் 'பிராக்ஸி' என்ற பொதுப்பெயரில் போட்டுவிடலாம். சோம்பலாக ஏற்றுமதி செய்த கோப்பில் படிக்கட்டும் அலமாரியும் பிராக்ஸியாகவே கிடக்கும். மாதிரியை ஒருவர் அனுப்ப, மற்றவர் திருத்தித் திருப்பி அனுப்புவார் என்ற தொடக்க காலக் கனவும் பெரும்பாலும் நிறைவேறவில்லை. சுவரை நகர்த்தினால் அதோடு சேர்ந்தவையும் கூடவே நகர வேண்டும் என்ற அறிவு மூல மென்பொருளிலேயே தங்கிவிடுகிறது. எனவே ஐஎஃப்சியை ஒப்பிட்டுப் பார்க்கும் பிரதியாக வைத்துக்கொள்வதே நடைமுறை.

அந்தக் குறைகளைச் சுற்றித் துணை வடிவங்கள் வளர்ந்தன. டெக்லா, சொலிப்ரி ஆகிய மென்பொருள் நிறுவனங்கள் தொடங்கிய பிசிஎஃப், மாதிரியை அனுப்பாமல் அதிலுள்ள சிக்கலை மட்டும் குறிப்பாக அனுப்புகிறது. 2024-இல் இறுதி வடிவம் பெற்ற ஐடிஎஸ், கோப்பில் என்னென்ன தகவல் இருக்க வேண்டும் என்பதைக் கணினியே சரிபார்க்கும்படி எழுதிக் கொடுக்கிறது.

ஐஎஃப்சியைத் தொடங்கிவைத்த நிறுவனத்தின் பாதை விநோதமானது. தன் டிடபிள்யூஜி வடிவம் தொடர்பாக ஓபன் டிசைன் அலையன்ஸ் என்ற அமைப்பின் மீது 2006-இல் வழக்குத் தொடுத்த ஆட்டோடெஸ்க், 2020-இல் அதே அமைப்பில் உறுப்பினரானது. முக்கியக் காரணம், அந்த அமைப்பிடமிருந்த ஐஎஃப்சி கருவித்தொகுப்பு. இதற்கிடையே ஐஎஃப்சி-ஓபன்ஷெல் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பும், அதன் மேல் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இயங்கும் போன்சாய் என்ற நீட்சியும் வளர்ந்தன. போன்சாய் ஐஎஃப்சியை ஏற்றுமதிப் பொருளாகக் கருதாமல், அந்தக் கோப்பிலேயே நேரடியாக வேலை செய்கிறது.

2024-இல் ஐஎஸ்ஓ ஏற்ற 4.3 பதிப்பு, கட்டடங்களைத் தாண்டிச் சாலை, ரயில்பாதை, பாலம், துறைமுகம் வரை விரிந்தது. ஐந்தாம் பதிப்புக்கான வேலையில் ஸ்டெப்பை விட்டு ஜேசான் வடிவத்துக்கு நகரும் முயற்சி நடக்கிறது. அதுவரை, ஸ்டெப் முறையில் எழுதப்படும் ஒவ்வொரு ஐஎஃப்சி கோப்பும் தான் கடன் வாங்கிய தரத்தின் எண்ணான ஐஎஸ்ஓ-10303-21 என்ற வரியுடனேயே தொடங்குகிறது.