லினக்ஸ் நிறுவல், பழைய கணினிகளில்

விண்டோஸைச் சுமக்க முடியாமல் திணறும் பழைய மேசைக் கணினியிலோ மடிக்கணினியிலோ கட்டற்ற இயங்குதளமான லினக்ஸை ஏற்றி, அதை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவரும் வேலை இது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கானது 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபரிலும் முடிந்தன. ஒவ்வொரு முறையும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிஸ்டங்கள் பரணுக்குப் போயின. விருதுநகர் மாவட்டத்தில் இப்படி மிஞ்சியவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம்: அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள், சிவகாசி அச்சகங்களின் டிடிபி கணினிகள், பட்டாசு, தீப்பெட்டி நிறுவனங்களின் அலுவலகங்களில் பில் போடும் கணினிகள். பட்டாசு தயாரிக்கும் அறைகளில் மின் இணைப்பு இருக்காது என்பதால், மூன்றாவது வகை நகரத்து அலுவலகங்களில்தான் இருக்கும்.

முதல் முறை லினக்ஸ் போடுகிறவர்கள் பாதியில் கைவிடுவதற்கு லினக்ஸைவிட வன்பொருளின் வயதே பெரும்பாலும் காரணம். ஆகவே பழுது பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

விலையில்லா மடிக்கணினியும் பாஸ் லினக்ஸும்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்கான கொள்முதலை அரசு நிறுவனமான எல்காட் செய்தது. தொடக்க ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 7-உம் பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், சுருக்கமாக பாஸ், எனப்படும் லினக்ஸும் அருகருகே இருந்தன. பாஸ், டெபியனை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது; 2007-இல் வெளிவந்தது. தமிழ்நாட்டின் கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு லினக்ஸ் என்ற சொல் அறிமுகமானதே இந்த மடிக்கணினி வழியாகத்தான்.

அறிமுகம் இனிமையாக அமையவில்லை. பாட்டும் படமும் வைக்க இடம் தேவைப்பட்டபோது, விண்டோஸுக்குள் இருந்துகொண்டே பாஸ் இருந்த பார்ட்டிஷனை அழித்தவர்கள் உண்டு. அடுத்த முறை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று மட்டும் நிற்கும். கணினி எழுந்ததும் முதலில் வேலை செய்யும் கிரப் என்ற நிரலின் தலைப்பகுதி ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கிறது. உடல்பகுதி லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கிறது. பார்ட்டிஷன் போனதும் தலைக்கு உடல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். விண்டோஸும் அதிலிருந்த கோப்புகளும் அப்படியே பத்திரமாக இருக்கும். இது தெரியாமல் முழு டிஸ்க்கையும் ஃபார்மேட் செய்து, குடும்பப் படங்களையும் கல்லூரி புராஜெக்டையும் இழந்தவர்களை நினைத்தால் மனம் பொறுக்காது. இந்தத் திரை வந்தால் லினக்ஸ் பென்டிரைவில் ‘லைவ்’ முறையில் நுழைந்து, கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு, காலி இடத்தில் புதிய லினக்ஸை நிறுவினால் போதும். கிரப் புதிதாக எழுதப்படும். விண்டோஸும் பட்டியலில் வந்துவிடும்.

இதே வயது மடிக்கணினிகளில் இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. பழைய எம்பிஆர் முறையில் முதன்மைப் பார்ட்டிஷன்கள் நான்குக்கு மேல் போக முடியாது. சி, டி, ரெக்கவரி, சிஸ்டம் என்று நான்கும் முடிந்திருந்தால், காலி இடம் எவ்வளவு இருந்தாலும் நிறுவல் நிரல் (நிறுவி) அதை ‘பயன்படுத்த இயலாதது’ என்றே காட்டும். டி டிரைவைக் காலி செய்து, அதை அழித்து, அந்த இடத்தில் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் அமைத்தால் வழி பிறக்கும்.

32 பிட்டா, 64 பிட்டா

பென்டிரைவிலிருந்து எழுந்த உடனே, இந்தச் செயலிக்கு இந்தக் கெர்னல் பொருந்தாது என்ற ஒரு வரியோடு நின்றால், 64 பிட் பதிப்பை 32 பிட் கணினியில் போட முயல்கிறோம் என்று பொருள். உபுண்டு தன் 32 பிட் மேசைப் பதிப்பை 2017-இல் நிறுத்தியது. 2023-இல் வந்த டெபியன் 12 தான் 32 பிட் நிறுவியோடு வந்த கடைசிப் பதிப்பு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அது கிடையாது. 32 பிட் கணினிகளுக்கு ஆன்டிஎக்ஸ் இன்றும் நல்ல தேர்வு. ஆனால் 32 பிட் விண்டோஸ் ஓடுவதாலேயே செயலியும் 32 பிட் என்று முடிவு செய்யக் கூடாது. கோர் 2 டியோவும் அதற்குப் பின் வந்த பெரும்பாலான செயலிகளும் 64 பிட்தான்.

நினைவகம் 2 ஜிபி மட்டுமே என்றால் குனோம் மேசைத்தளம் வேண்டாம். எல்எக்ஸ்க்யூடி அல்லது எக்ஸ்எஃப்சிஇ உள்ள பதிப்பே ஏற்றது. அப்போதும் ரேமை விழுங்குவது உலாவிதான். பத்து தாவல்களைத் திறந்துவிட்டு லினக்ஸைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கைச்செலவுக்கு இடமிருந்தால், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு சாட்டா எஸ்எஸ்டி மாட்டுவதைப் போன்ற மறுபிறவி வேறில்லை.

நிற்கும் இடமும் காரணமும்

பென்டிரைவ் கண்ணிலேயே படவில்லை என்றால் பயாஸைப் பார்க்க வேண்டும். ஏசரில் எஃப்12 பூட் பட்டியலையே பயாஸுக்குள் போய் இயக்கிவைத்தால்தான் அந்த விசை வேலை செய்யும். ஹெச்பியில் எஃப்9. மெனு வந்து, அதற்குப் பின் திரை கறுத்துப்போனால் அது கிராஃபிக்ஸ் சிக்கல். கிரப் மெனுவில் ‘இ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லைச் சேர்த்து எஃப்10 அழுத்தினால் பெரும்பாலும் திரை வந்துவிடும். நிறுவிய பிறகு சரியான டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம்.

கோப்புகளை நகலெடுக்கும்போது பாதியில் உறைந்தால் பென்டிரைவையும் டிஸ்க்கையும் சந்தேகிக்க வேண்டும். திரையில் ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழை வந்தால் பதிவிறக்கமோ பென்டிரைவோ கெட்டது. இறக்கிய கோப்பின் எஸ்ஹெச்ஏ256 எண்ணை ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும். உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்று டிஸ்க்கின் பெயரோடு வந்தால், ஸ்மார்ட் அறிக்கையில் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அது பூஜ்யமாக இல்லாவிட்டால் நிறுவலை அங்கேயே நிறுத்திவிட்டு, மிச்சமுள்ள தரவைக் காப்பாற்றுவதே முதல் வேலை.

அரை மணி நேரம் ஓடித் தானாக அணைந்தால் வெப்பம். இது இந்த வட்டாரத்தின் சொந்த நோய். கரிசல் பூமியின் வெயில் ஒருபுறம் இருக்க, அச்சகங்களில் ஈர மை அடுத்த தாளில் ஒட்டாமலிருக்கத் தெளிக்கும் ஸ்பிரே பவுடர் மெல்லிய வெள்ளைத் தூளாகப் பறந்து, செயலியின் ஹீட்சிங்க் இடுக்குகளில் படிந்துவிடும். கேபினெட்டைத் திறந்து, மின்விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு புளோயர் அடித்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவிய பிறகுதான் லினக்ஸைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

கடிகாரம்

பரணிலிருந்து இறங்கும் கணினியில் பலரும் கவனிக்காத சிறு பொருள், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டு பின்னால் போய் நிற்கும். இதனால் உலாவியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்கிறது. மென்பொருள் களஞ்சியம், தன் பட்டியல் கோப்பு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்கிறது. நெட் இல்லை என்று நினைத்து ரூட்டரை மாற்றுகிறார்கள். மலிவான ஒரு பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் எல்லாம் ஓடும்.

ஆண்டும் நாளும் சரியாக இருந்து, நேரம் மட்டும் சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகினால் பேட்டரிமீது பழி போடக் கூடாது. விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்தை இந்திய நேரமாகப் படிக்கிறது. லினக்ஸ் உலகப் பொதுநேரமாகப் படிக்கிறது. இரண்டும் ஒரே கணினியில் இருக்கும்போது இந்தச் சண்டை வரும். லினக்ஸை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது.

வைஃபையும் பிரிண்டரும்

வைஃபை தெரியவில்லை என்றால் பிராட்காம் சில்லாக இருக்கக்கூடும். அதற்கான ஃபர்ம்வேரை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும், இணையமோ இல்லை. கைபேசியை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங்கைப் போட்டால் இந்தச் சுழலிலிருந்து வெளியே வரலாம். டெபியன் 12 முதல் இத்தகைய ஃபர்ம்வேர்கள் பல நிறுவியிலேயே சேர்க்கப்பட்டுள்ளன.

அலுவலகக் கணினியில் உண்மையான சோதனை பிரிண்டர். ஹெச்பி லேசர்ஜெட் 1020 தன் ஃபர்ம்வேரைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அனுப்ப வேண்டும். விண்டோஸ் டிரைவர் அதைச் சத்தமில்லாமல் செய்துவந்தது. லினக்ஸில் பிரிண்டர் பட்டியலில் தெரியும், வேலை முடிந்தது என்று காட்டும், தாள் மட்டும் வராது. எச்பிலிப் தொகுப்பின் கூடுதல் பிளகினை நிறுவினால் சரியாகும். கேனான் எல்பிபி2900 கேப்ட் என்ற தனி நெறிமுறையில் பேசுவதால் அதிகப் பொறுமை கேட்கும். கார்பன் வைத்து பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ்களோ சாதுவானவை: பலவும் எப்சன் கட்டளைகளை ஏற்கும், 9 பின்னா 24 பின்னா என்று பார்த்துத் தேர்ந்தால் போதும். கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்கானது என்பதால், கணக்கு அதில் இருக்கும் கணினியில் விண்டோஸ் பார்ட்டிஷனை அழிப்பது பெருந்தவறு.

எப்போது கை வைப்பது என்பதும் முக்கியம். பட்டாசு அலுவலகத்தில் தீபாவளி முடிந்த பிறகு செய்யலாம். ஆடிப்பெருக்கில் புது மாதிரி ஆல்பம் வெளியிட்டு மார்கழி வரை ஓயாத காலண்டர் அச்சகத்தில் பொங்கலுக்குப் பின் செய்யலாம்.

தமிழும் டிடிபியும்

இன்றைய லினக்ஸில் தமிழ் எழுத்துருக்கள் எளிதில் கிடைக்கின்றன. ஐபஸ் தொகுப்போடு எம்17என் சேர்த்தால் தமிழ்99, தட்டச்சு முறை, ஒலியியல் மூன்றும் உண்டு; டைப்ரைட்டரில் பழகிய விரல்கள் புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை. தமிழிலேயே படித்துத் தெரிந்துகொள்ள, 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் இருக்கிறது.

அச்சக டிடிபி கணினி வேறு கதை. பேஜ்மேக்கரிலும் கோரல்டிராவிலும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில், பல ஆண்டுக் காலண்டர் தாள்களும் திருமண அழைப்பிதழ்களும் சேர்ந்திருக்கும். ஸ்கிரைபஸ் நான்கு வண்ண அச்சுக்கு ஏற்றது. அதன் பழைய 1.4 வரிசையில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக அமைகிறது. பேஜ்மேக்கர் கோப்பையும் அது திறக்கும், ஆனால் உள்ளே இருக்கும் பழைய குறியேற்றத்தை ஓப்பன்-தமிழ் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு வரியையும் மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். நாள்காட்டித் தாளில் நல்ல நேரம் ஓர் எழுத்து மாறினாலும் வாங்கியவர் விடமாட்டார். எனவே அந்தக் கணினியில் லினக்ஸைத் தனி டிஸ்க்கில் நிறுவி, பழைய டிஸ்க்கை உறையில் போட்டுப் பெயர் எழுதி எடுத்துவைப்பதே முறை.