ஆளில்லாத் தெருக்கள்

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் யூஜீன் அட்ஜே (1857–1927) எடுத்த பாரிஸ் நகரின் வெறுந்தெருக்களைக் காணும்போது இனந்தெரியாத துயரொன்று நம் நெஞ்சைக் கவ்வுகிறது. தெருக்களைப் படமெடுப்போர் பலர் இன்றும் அவர் வழியை நாடுகின்றனர்.

அட்ஜே பிறந்த அதே ஆண்டின் இறுதியில், சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞரான லின்னேயஸ் டிரைப் நம் நாட்டில் சுற்றுப்பயணம் தொடங்கினார். அவர் 1858இல் எடுத்த மதுரை, தஞ்சை, திருச்சிப் படங்களில் கோயில்களும் அரண்மனைகளும் துலக்கமாகத் தெரிகின்றன. மக்களோ அரிதாகவே தென்படுகின்றனர். அவ்வூர்கள் வெறிச்சோடியா கிடந்தன? இல்லை. மெழுகிட்ட காகித நெகட்டிவில் உருவம் பதிய நெடுநேரம் பிடித்தது. அசையாத கல் பதிந்தது. நடந்து சென்ற மனிதர் மறைந்தனர். 1859இல் ஆளுநர் டிரெவல்யன், இப்பணி வீண் ஆடம்பரம் எனக் கருதி நிறுத்த ஆணையிட்டார்.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தை ஒருவர் இப்பாணியில் படமெடுப்பதாகக் கொள்வோம். சூளைகளும் புகைபடிந்த சுவர்களும் அழகாகவே அமையும். ஆயின், களிமண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, சூளையில் அடுக்கும் தொழிலாளர் அப்படங்களில் இல்லையெனில், நாம் காணும் துயரம் அவ்வூருடையதன்று, இரவல் துயரமே. டிரைப்பின் கருவி விரையும் கால்களைப் பற்ற இயலாதது. இன்றைய கருவிக்கோ இமைப்பொழுதே மிகுதி. எனவே இன்று ஒரு தெருப்படத்தில் மக்கள் விடுபட்டால், விட்டவர் யாரென்று நாம் கேட்டாக வேண்டும்.