மலுங்கா வந்த கடல்வழி

கோயில் கொடைக்கு வில்லிசைக் குழு பேசுவதென்றால் தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கத்து ஊர்களில் பெரியவர்கள் கூடி உட்கார்ந்துதான் முடிவெடுப்பார்கள். சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டு சரியாக அமையாவிட்டால் சாமி இறங்காது. சாமி இறங்காவிட்டால் வருஷமெல்லாம் மனசில் அடக்கி வைத்ததைச் சொல்லி அழ இடமிருக்காது. குஜராத்திலும் வில்லேந்திப் பாடும் மக்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சித்திகள் அவர்கள். அவர்களுடைய வில்லின் பெயர் மலுங்கா.

பார்வைக்கு எளிய கருவி. வளைந்த ஒரு கழி, இழுத்துக் கட்டிய ஒற்றைத் தந்தி, தந்தியைக் கழியோடு பிணைக்கும் ஒரு கயிறு, அந்தக் கட்டில் பொருத்திய சுரைக்குடுக்கை. கட்டு தந்தியை இரண்டாகப் பிரிப்பதால் ஒரே தந்தியில் இரண்டு சுருதி கிடைக்கும். மெல்லிய குச்சியால் தட்டி வாசிப்பார்கள். பிரேசிலில் வாசிக்கப்படும் பெரிம்பாவ் என்ற வில்லும் இதே குடும்பம்தான். அதுவும் ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்தது. ஆனால் அட்லாண்டிக் கடலைத் தாண்டி.

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அரபு வணிகர்களும் பின்னால் போர்த்துக்கீசியரும் குஜராத், கோவா துறைகளுக்கு ஆட்களை ஏற்றி வந்தார்கள். பலர் அடிமைகள், சிலர் மாலுமிகள், படைவீரர்கள்.  கப்பலேறியவன் கையில் வில் இருந்திருக்க வேண்டியதில்லை. கழியும் தந்தியும் சுரைக்காயும் குஜராத்திலேயே கிடைக்கும். செய்யத் தெரிந்த கை வந்து சேர்ந்தால் போதும். அந்தக் கைத்திறனை எந்த எஜமானனாலும் பறிக்க முடியவில்லை.

ஆப்பிரிக்காவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, அகமதுநகரின் ஆட்சியையே நடத்திய மாலிக் அம்பர் 1626இல் இறந்தார். அவர் பெயர் சரித்திரப் புத்தகங்களில் இருக்கிறது. மலுங்கா போய்ச் சேர்ந்தது அரண்மனைக்கு அல்ல, சித்தி பக்கீர்களின் தோளுக்கு. ஊர் ஊராகப் போய், தங்கள் பெரியவரான பாவாவைப் புகழ்ந்து பாடி, கிடைத்த காணிக்கையில் வாழ்ந்தார்கள். இந்தக் கருவியைக் காப்பாற்றித் தந்தவர்கள் அவர்களே.

அந்தப் பாவா இருக்கும் இடம் பரூச் மாவட்டத்து ரத்தன்பூர். அகேட் கல் வெட்டும் ஊர். குன்றின் மேல் பாவா கோர் தர்கா இருக்கிறது. அபிசீனியாவிலிருந்து வந்து கல் வணிகத்தைத் தழைக்கவைத்த பெரியவர் என்று சித்திகள் அவரைப் போற்றுகிறார்கள். உடன்பிறந்தவர்களான பாவா ஹபஷும் மாய் மிஸ்ராவும் அங்கேயே வணங்கப்படுகிறார்கள். பேய் பிடித்ததாக அழைத்து வரப்படுபவர்கள், பிள்ளை இல்லையே என்று ஏங்குபவர்கள், தூக்கம் கெட்டவர்கள் என்று இந்துக்களும் முஸ்லிம்களும் பார்சிகளும் தேடி வரும் தலம். தீர்வு சொல்பவர்கள் சித்திகள். ஊரில் ஒதுங்கி நிற்க வைக்கப்பட்டவர்களின் வாசலில், ஒதுக்கியவர்களும் வந்து கைகட்டி நிற்கிறார்கள்.

சித்திகளின் தமால் ஆட்டம் தொடங்கும்போது முகர்மான் என்ற காலுள்ள முரசு முன்னால் நிற்கும். தேங்காய் ஓட்டில் செய்த கிலுகிலுப்பை சேர்ந்துகொள்ளும். வட்டமாக ஆடுகிறவர்களில் ஒருவர் மேல் பெரியவர் இறங்குவார். தேங்காயை மேலே எறிந்து தலையில் வாங்கி உடைப்பார்கள். மலுங்கா இந்த இரைச்சலுக்கு உரியதல்ல. அடங்கிய குரலில் பாடும் பாட்டுக்கு அது துணை.

நம் வில்லுக்குக் கட்டியிருப்பது குடம், அவர்கள் வில்லுக்குக் குடுக்கை. இங்கே சாமியாடும் கோமரத்தாடி திருநீறு போட்டுக் குறி சொல்வதும் அங்கே பக்கீர் சொல்வதும் வந்தவரின் நெஞ்சில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டு வில்லுக்கும் ரத்த உறவு உண்டென்று நான் சொல்லவில்லை. மனசின் நோயை ஒருத்தர் தனியாகச் சுமக்கக் கூடாது, ஊர் கூடி, விடிய விடிய விழித்திருந்து இறக்கி வைக்க வேண்டும் என்பதில் இரண்டு கரையும் ஒன்றுபடுகின்றன.

இதைச் சொல்லும்போது மனநோயாளிகளை அழைத்து வரும் தர்கா உள்ள ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை மறைக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. பாட்டும் பிரார்த்தனையும் துணை நிற்கும் இடத்தில் சங்கிலிக்கு வேலையே இல்லை. குஜராத்தின் உனாவா ஊரில் மீரா தாதார் தர்காவிலேயே மனநல மருத்துவர்கள் உட்கார்ந்து மருந்து தரும் திட்டம் 2008இல் தொடங்கியது. பிறகு ஏர்வாடிக்கும் அது வந்தது. இதுவே சரியான வழி.

மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், இலங்கையின் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியிலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் வாழ்கிறார்கள். போர்த்துக்கீசியக் கிரியோல் மொழியில் அவர்கள் பாடும் மஞ்சா பாட்டு, மொழி தேய்ந்த பின்னும் அவர்களை ஒன்றாக உட்கார வைக்கிறது. இந்தியாவில் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதிச் சித்திகளும், 2003 முதல் கர்நாடகத்தின் உத்தர கன்னடச் சித்திகளும் பட்டியல் பழங்குடியினர். ஆனால் மலுங்கா வாசிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். வெளிநாட்டு மேடைகள் வரை போய்வரும் சித்திக் குழுக்களிடமும் கூட்டம் எதிர்பார்ப்பது தலையில் தேங்காய் உடைப்பதைத்தான்.

தூத்துக்குடியில் 2022இல் நெய்தல் கலைவிழா நடந்தது. அப்படியொரு விழா மறுபடி கூடும்போது சித்திக் குழுவை அழையுங்கள். தேங்காய் உடைப்பதோடு அனுப்பிவிடாமல், மலுங்காவோடு ஒருவரை உட்கார வைத்துப் பாடச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நம் வில்லிசைக் கலைஞர்களையும் உட்கார வையுங்கள்.